துருவுக்குப் பொறுப்பு சுப்பராயன்

சுப்பராயனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. தகுதி இருப்பவர்கள் யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன். என் பெயர் பெனிட்டோ. ராயபுரத்துக்காரன். எண்ணூர் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் வைத்திருக்கும் ஏழு கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டுகிறேன். அதே நிலையத்தில் பத்தொன்பது வருடம் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டவர் சுப்பராயன். இன்று அவர் அங்கே இல்லை, நான் இருக்கிறேன். நியாயப்படி இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

அவர் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவர். பத்தாவது தாண்டவில்லை. மாதவரத்தில் ஒரு லாரி டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் காற்றடித்துக்கொண்டிருந்தபோது சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்து இடது காதை உரசிக்கொண்டு போனது. அன்றோடு அந்தக் காது செத்துவிட்டது. வலது காது மட்டும் மற்றவர்களின் இரண்டு காதுக்குச் சமம். காலையில் நிலையத்துக்கு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, ஒரு சின்னச் சுத்தியலோடு வண்டியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு நட்டாகத் தட்டி, வலது காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பார். இறுகிய நட்டு கணீரென்று ஒலிக்கும். தளர்ந்த நட்டு தொண்டை கட்டியவன் மாதிரி பேசும். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழாத நாளில் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது என்பது நிலையத்து விதி.

நாங்கள் சும்மா இருப்போமா?

"இன்னா அண்ணாத்த, நட்டு இன்னா சொல்லுது? வூட்ல எல்லாம் சொகமாமா?" என்பேன்.

"உன்னத்தான் விசாரிச்சிது. இந்த டிரைவரு என்னிக்கு பிரேக்க மெதுவா மிதிப்பான்னு கேக்குது" என்பார். அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

மூன்று வருடம் முன்பு புது வண்டி ஒன்று வாங்க முடிவானது. நிலைய அதிகாரி மகிமா மேடம். நாசரேத் பக்கத்துக் குடும்பம், வண்ணாரப்பேட்டையில் அவர்கள் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. படித்த பெண், ஆனால் கீழே வேலை செய்பவனைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய மாட்டார். அவர் ஒருநாள் மதியம் விலைப்பட்டியலையும் படங்களையும் எடுத்துக்கொண்டு பணிமனைக்கே வந்தார்.

"சுப்பராயன், ஆறு சக்கரம். இரும்பா, அலுமினியமா? நீங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் குடுக்கணும்."

"நீங்க இன்னா நெனைக்கிறீங்கோ மேடம்?"

"அலுமினியம்தான். ஒரு சக்கரத்துக்குப் பதினஞ்சு கிலோ குறையுது. ஆறுக்கும் சேர்த்தா தொண்ணூறு லிட்டர் தண்ணி கூட ஏத்திக்கலாம். துருவும் பிடிக்காது. இந்தக் கடல் காத்துல, இந்த அனல் மின் நிலையச் சாம்பல்ல, இரும்பு ஒரு வருஷம் தாங்குமா?"

சுப்பராயன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடி மாதிரி பளபளக்கும் சக்கரம். எனக்கு அது பிடித்திருந்தது. ஓட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும், வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தால் போதும்.

"மேடம், உங்க கடையில அலுமினிய குண்டான் விக்கிறீங்கோ. தண்ணி சுண்டிப்போய் அடுப்பு மேலயே நின்னா அது இன்னா ஆவும்?"

"அடி போயிடும்."

"இரும்புத் தவா?"

மகிமா மேடம் சிரித்துவிட்டார்.

"நம்ம வண்டி அடுப்புகிட்ட போய் நிக்கிற வண்டி மேடம். பதினோரு வருசம் மின்னாடி தொட்டி பத்திகிச்சே, அப்ப பழைய வண்டி மூணு மணி நேரம் அனல்ல நின்னுச்சி. அலுமினிய ஏணி தொங்கிப் போச்சி. சக்கரத்து இரும்பு டிஸ்க்குல பெயின்ட் மட்டும்தான் கொப்பளிச்சிது. அந்த சக்கரத்துலயே வூடு வந்து சேந்தோம். இரும்பு வளைஞ்சா கண்ணுக்குத் தெரியும், தட்டுனா காதுக்குத் தெரியும். அலுமினியம் சூட்டுல சத்து போயிகினே பளபளன்னு நிக்கும். ஒண்ணும் தெரியாது."

"சரி, துருவுக்கு என்ன பண்றது?"

"துருவுக்கு நான் பொறுப்பு."

மேடம் விளையாட்டாகக் கோப்பில் அப்படியே எழுதினார். 'இரும்புச் சக்கரம். துருவுக்குப் பொறுப்பு சுப்பராயன்.' சுப்பராயனும் விளையாட்டாகவே கீழே கையெழுத்துப் போட்டார். அவர் சொன்ன காரணம் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. அதை யாரும் என்னிடம் மறுத்துப் பேச வேண்டாம்.

வண்டி வந்தது. எட்டு மாதத்தில் துருவும் வந்தது. நட்டுகளின் அடியிலிருந்து பழுப்புக் கோடுகள் வழிந்து சக்கரம் முழுக்க இறங்கின. சுப்பராயன் வாரத்துக்கு இரண்டு நாள் தேய்ப்பார். அடுத்த வாரம் மறுபடி இருக்கும். ஒருநாள் மகிமா மேடம் அந்தப் பக்கமாகப் போகும்போது, "என்ன சுப்பராயன், உங்க இரும்பு அழுவுதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேலியாகத்தான் சொன்னார். இவருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. டீக்கடையில் அன்று வடையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பேஜாரா கீது பெனிட்டோ. எழுதிக் குட்துட்டேன். அந்தம்மா மின்னாடி தல குனிய வேண்டியதா கீது."

"ஆயுத பூஜைக்கு மொத்தமா கழட்டி அடிச்சிடலாம் அண்ணாத்த, வுடு" என்றேன்.

ஆயுத பூஜை எங்கள் நிலையத்தில் எல்லோருக்கும் பொது. அவர் வீட்டுச் சுவரில் புத்தர் படம், என் வீட்டில் மாதா. ஆனாலும் அந்தப் பூஜைக்கு வண்டிக்கு வர்ணம் அடிப்பதும் பொரி கடலை தின்பதும் எங்கள் இருவருக்கும் பண்டிகைதான். வர்ணம் அடிப்பதில் சுப்பராயனுக்கு ஒரு முறை உண்டு. சக்கரத்தைக் கழற்றினால், அது வண்டியோடு ஒட்டி உட்காரும் நடுப்பகுதியில் கிரீஸ் தடவி, செய்தித்தாளை வட்டமாக வெட்டி ஒட்டிவிடுவார். நட்டுத் துளைகளையும் காகிதத்தால் அடைப்பார். அங்கே பெயின்ட் படவே கூடாது. இரும்பும் இரும்பும் நேராக முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் பெயின்ட் இருந்தால் வண்டி ஓடும்போது அது நசுங்கிப் பொடியாகிவிடும், பொடியான அளவுக்கு நட்டு தளரும். எனக்கு இதைப் பத்து வருடத்தில் இருபது தடவையாவது சொல்லியிருப்பார்.

அந்த வருடம் அவர் மகள் எழில்மொழிக்குக் கல்யாணம், பூஜை முடிந்து இரண்டாம் நாள். பூஜைக்கு முந்தின நாள் காலையில் வந்து, ஆறு சக்கரத்தையும் கழற்றித் தேய்த்து, காகிதம் ஒட்டி வைத்தார்.

"பத்திரிகை குடுக்க இன்னும் நாலு வூடு பாக்கி கீது. நீ வெளிய மட்டும் அடிச்சி மாட்டி வெய்யி. பேப்பர தொடாத. சாயங்காலம் வந்து நான் இறுக்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றவர்கள் பம்பையும் குழாய்களையும் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்பிரே கன்னோடு தனியாக இருந்தேன். நான்கு சக்கரம் அடித்து முடித்தேன். பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஒரே பத்து நட்டில் ஜோடியாக உட்காரும். அந்தப் பின்பக்கத்து இடது ஜோடிக்கு வந்தபோது காகிதத்தின் ஓரம் கிழிந்து, தேய்த்தும் போகாத துரு உள்ளே தெரிந்தது. இது மறுபடி நட்டடியில் வழியும், மேடம் வந்து குனிந்து பார்ப்பார், மறுபடியும் ஏதாவது சொல்வார், மனிதர் மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு தலை குனிந்து நிற்பார் என்று தோன்றியது. காகிதத்தை முழுதாகக் கிழித்தெறிந்தேன். இரண்டு சக்கரத்துக்கும், முன்னும் பின்னும், நடுப்பகுதி முழுக்க இரண்டு கோட்டிங் அடித்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். இருபது தடவை கேட்ட பாடம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. காய்ந்ததும் நானே மாட்டினேன்.

சாயங்காலம் சுப்பராயன் வந்தார். கையில் கல்யாணப் பத்திரிகைப் பை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு நீளமான பானாவை எடுத்து எல்லா நட்டையும் இறுக்கினார். மாட்டிய சக்கரத்தின் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

"பேப்பர எட்த்துட்டியா?"

"எட்த்துட்டேன் அண்ணாத்த."

அது பொய் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் அந்தப் பதில் என்னை அரிக்கிறது.

"வண்டி ஒரு தரம் வெளிய போய் வந்ததும் மறுபடி ஒரு சுத்து இறுக்கிடு. புதுசா மாட்டுன சக்கரம், கொஞ்சம் எறங்கும். மறக்காத" என்றார். பிறகு பதிவேட்டை எடுத்தார். பத்து நாள் விடுப்பு. பத்து நாளுக்கும் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்துக் கையெழுத்துப் போட்டு வைத்தார். இல்லாவிட்டால் வண்டி வெளியே போக முடியாது. எல்லா இடத்திலும் எல்லோரும் செய்வதுதான். சுப்பராயன் செய்த தப்பு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பூஜை நன்றாக நடந்தது. மேடம் சக்கரங்களைச் சுற்றிவந்து, "இப்பதான் வண்டி மாதிரி இருக்கு" என்றார். கல்யாணத்துக்கு நானும் போய் மொய் எழுதிச் சாப்பிட்டு வந்தேன். அந்த நாட்களில் வண்டி இரண்டு தடவை வெளியே போனது. ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் செயல்விளக்கம் காட்ட, ஒரு தடவை தண்டவாளத்து ஓரம் புல் எரிந்ததற்கு. இரண்டு தடவையும் நான் பானாவைத் தொடவில்லை. விசாரணையில் கேட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருப்பேன். மறக்கவில்லை. சோம்பல்தான்.

அவர் விடுப்பின் ஒன்பதாவது நாள் காலை பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது. பிளாஸ்டிக் டிரம் கொட்டகை ஒன்றில் தீ. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் சைரன் போட்டுக்கொண்டு போனேன். பின்னால் ஒரு நடுக்கம் இருந்தது. அந்தச் சாலையில் எந்த வண்டி நடுங்காது? ரோடு என்று நினைத்துக்கொண்டேன். திடீரென்று வண்டி இடது பக்கம் உட்கார்ந்தது. இரும்பு தாரைக் கீறும் சத்தம். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே இடது கண்ணாடியைப் பார்த்தபோது, எங்கள் சக்கரம் எங்களையே முந்திக்கொண்டு போனது. சிவப்பாக, பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு, நேராக, நிதானமாக ஓடியது. ஒரு மளிகைக் கடை வாசலில் பெண்ணொருத்தி தண்ணீர் கேனைக் குனிந்து நகர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகுப் பக்கம்.

அவள் பெயர் பூமாரி. கடைக்காரர் பொன்ராஜின் மனைவி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

போலீஸ் முதலில் பிடித்தது என்னைத்தான். வேகம் என்று எழுதினார்கள். ஜாமீனில் வந்தேன், நிலையத்தில் சஸ்பெண்ட் செய்தார்கள். லைசென்ஸ் போய்விடும் என்று வக்கீல் சொன்னார். எனக்கு ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. கம்பெனி விசாரணைக்கு இரண்டு வாரம் இருந்தது. என் தலை தப்புமா என்பது ஒரு கேள்விக்குப் பதிலில் இருந்தது. சக்கரம் ஏன் கழன்றது? அந்தப் பதில் எனக்குத் தெரியும். சொன்னால் வேகம் என்ற பழி போய், அதைவிடப் பெரிய பழி வரும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்து வீட்டுக்கு வந்தபோது சுப்பராயன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். என் மனைவி தேவப்பிரியம் டீ வைக்கப் போனாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். சிவப்புத் தூளும் சின்னச் சின்னப் பெயின்ட் சில்லுகளும்.

"போலீஸ் யார்டுல போய் கழண்ட சக்கரத்து டிஸ்க்க பாத்தேன். நடுவுல பிளேடால சொரண்டி எட்த்தது."

"நான்தான் அண்ணாத்த அடிச்சேன்" என்றேன்.

"தெரியும்." தூளைக் காகிதத்தின் நடுவில் கூட்டிச் சேர்த்தார். "சுத்து இறுக்குனியா?"

"இல்ல."

டீ வந்தது. அவர் ஊதி ஊதி முழுதாகக் குடித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காகிதத்தை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பத்து கையெழுத்தும் என்னிது. நான் இல்லாத நாளுக்கு நான் பாத்தேன்னு எழுதி வெச்சிருக்கேன். எப்பிடியும் என்ன வுட மாட்டாங்கோ. ரெண்டு பேரும் போவணுமா?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் படியிறங்கிப் போன பிறகு தேவப்பிரியம், "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

விசாரணை மகிமா மேடத்தின் அறையிலேயே நடந்தது. கம்பெனிகளின் சார்பில் மூன்று பேர் வந்திருந்தார்கள். நான் ஒரு நாற்காலியில், ஒரு நாற்காலி விட்டு சுப்பராயன். மேஜைமேல் அந்தப் பெயின்ட் தூள். அவரே கொண்டுவந்து கொடுத்தது.

"உள்பக்கம் பெயின்ட் அடிச்சது யாரு?" என்று மேடம் கேட்டார்.

"நான்."

"அன்னைக்கு நீங்க பாதி நாள் வெளிய போயிருந்தீங்களே?"

"போறதுக்கு மின்னாடி அடிச்சேன்."

"அங்க அடிக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். ஏன் அடிச்சீங்க?"

"துருவுக்கு நான் பொறுப்புன்னு எழுதிக் குட்துட்டேனே மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். முன்னால் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சுப்பராயனை வேலையிலிருந்து நீக்கினார்கள். போலீஸ் வழக்கில் என் பெயர் போய் அவர் பெயர் வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது, வாய்தாவுக்கு அவர் போய் வருகிறார். நான் மூன்று மாதத்தில் மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். இரும்புச் சக்கரம் இந்தக் கடலோரத்துக்கு ஒத்துவராது, எல்லா வண்டிக்கும் அலுமினியம் போடலாம் என்று விசாரணைக் குழு எழுதியது. அலுமினியத்துக்கு யாரும் பெயின்ட் அடிக்கப் போவதில்லை என்பதால் அதுவும் ஒரு வகையில் சரிதான். சுப்பராயன் சொன்ன குண்டான் கணக்கை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அவர் பொன்ராஜின் கடைக்குப் போய்வந்த விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கூடப் போயிருந்த அவர் மனைவி கோவிந்தம்மா சொன்னாள். கடையில் கூட்டம் இருந்ததாம். இவர்கள் ஓரமாக நின்று, கூட்டம் குறைந்ததும் யாரென்று சொன்னார்களாம்.

"நீங்கதான் அந்தச் சக்கரத்தப் பாக்குற ஆளா?" என்று பொன்ராஜ் கேட்டிருக்கிறார்.

"ஆமாங்க."

"தீய அணைக்கத்தான போய்க்கிட்டு இருந்தீய?"

"ஆமாங்க."

"அந்தத் தீ அணைஞ்சிட்டா?"

அந்தக் கொட்டகைத் தீயை அங்கே வேலை செய்தவர்களே மண்ணைப் போட்டு அணைத்துவிட்டார்கள். எங்கள் வண்டி வாசலைத் தாண்டும்போதே அது அணைந்துவிட்டது. வர வேண்டாம் என்ற செய்தி எங்களுக்கு வந்து சேர்வதற்குள் பூமாரி விழுந்துவிட்டாள்.

"அணைஞ்சிட்சிங்க" என்றிருக்கிறார் சுப்பராயன். பொன்ராஜ் தலையாட்டிவிட்டு, அடுத்து வந்தவருக்குத் துவரம் பருப்பு நிறுக்கப் போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது கோவிந்தம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியுமா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது சுப்பராயன் மாதவரம் பஸ் நிலையம் தாண்டி, லாரிகள் நிற்கும் இடத்தில் பஞ்சர் ஒட்டுகிறார். ஒரு குடை, ஒரு கம்ப்ரஸர், ஒரு ஸ்டூல். வேலைக்குச் சேர்ந்த அதே இடத்துக்கு ஐம்பத்து மூன்று வயதில் திரும்பி வந்திருக்கிறார். நான் இரண்டு வருடம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். போன மாதம் ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பும்போது முன் டயரில் காற்று இறங்கியது. சுற்றிலும் வேறு கடை இல்லை. வண்டியைக் குடைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

அவர் எழுந்து வந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் சக்கரத்தைப் பார்த்தார். வெயிலில் அது கண்ணைக் கூசச் செய்தது.

"அலுமினியம் போட்டுட்டாங்களா?"

"ஆமா அண்ணாத்த."

"நெருப்புகிட்ட போனா எட்டியே நிறுத்து. அனல் பட்டுச்சின்னா சக்கரத்த மாத்தச் சொல்லு. நல்லா கீதேன்னு வுட்றாத. வெளிய தெரியாது."

சரி என்றேன். வால்விலிருந்த கசிவைச் சரிசெய்து, காற்று பிடித்து, கைகளைத் துடைத்துக்கொண்டார். வேறு ஏதாவது பேசுவார் என்று நின்றேன். நானாகப் பேச வேண்டியதும் நிறைய இருந்தது. அன்றைக்கு மேஜைமேல் இருந்த டம்ளரை எடுத்ததிலிருந்து அது பாக்கியாகவே இருக்கிறது.

"நட்ட பாத்தியா?" என்று கேட்டார்.

"காலைல நானே பாத்தேன் அண்ணாத்த. நாப்பதும் பாத்தேன்."

உண்மை. பூமாரி இறந்ததிலிருந்து ஒருநாள்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்ததில்லை.

சுப்பராயன் தலையாட்டினார். பிறகு ஸ்டூலுக்கு அடியிலிருந்து அந்தச் சின்னச் சுத்தியலை எடுத்தார். முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, வலது காதைச் சாய்த்து, முதல் நட்டைத் தட்டினார். பிறகு அடுத்தது. வண்டிக்குள் இருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அவசரமே இல்லாமல் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கத்து இடது ஜோடியில் மட்டும் இரண்டு தடவை தட்டினார்.

"சரி, போ" என்றார்.

நான் சொன்னது உண்மைதான். அதை அவர் நாற்பது நட்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.